ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்று ஒரு பகுதி. இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம், தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எங்கள் மகள் இங்கே ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அவள் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு "இது என்ன பாட்டு?" என்பார்கள். புதிதாக மாற்றலாகி வரும் பெற்றோர்கள், "என் பையன் பள்ளியிலிருந்து ஏதோ ஆட்டம் கற்றுக்கொண்டு வருகிறான், நல்ல பாட்டுதானா?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தொடக்கப் பள்ளி என்றால் எந்த வயது?

6 வயதிலிருந்து 12 வயது வரை, ஆறு வகுப்புகள். 'ஷோகாக்கோ' என்பார்கள். ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும், ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே பாட்டுக்கு ஆடுவதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

அவர்களுக்கென்று தனியாகக் 'குழந்தைப் பாட்டு' இல்லையா?

இருக்கிறது. பள்ளிக்குப் போகும் முன் வயதுக்கு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தொலைக்காட்சியில் 'ஒகாசான் தோ இஷ்ஷோ' ('அம்மாவோடு சேர்ந்து') என்ற நிகழ்ச்சி 1959 முதல் வருகிறது. அதில் வரும் பாட்டுகள் சுத்தமான குழந்தைப் பாட்டுகள். ஆனால் முதுகில் பள்ளிப் பையை மாட்டிய நாளிலிருந்து பிள்ளைகள் அந்தச் சுவரைத் தாண்டிவிடுகிறார்கள். பெரியவர்கள் கேட்கும் அதே பாட்டுத்தான் அவர்களுக்கும்.

இதற்குப் பாலம் போட்டது என்று நான் நினைப்பது 1961 முதல் என்.எச்.கே. ஒளிபரப்பும் 'மின்னா நோ உத்தா' நிகழ்ச்சி. 'எல்லாருடைய பாட்டு' என்று பொருள். வெறும் 5 நிமிடம், ஒரு பாட்டு அல்லது இரண்டு, அவற்றுக்கு ஓவியமோ அசைபடமோ. பெயர்பெற்ற பாடலாசிரியர்கள் அதற்காக எழுதுகிறார்கள். கேட்பது குழந்தைதானே என்று கை தளர்ந்து எழுதிய பாட்டை அதில் நான் அதிகம் கேட்டதில்லை. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது அதைத்தான்: ஜப்பானில் பிள்ளைகள் கொண்டாடும் பாட்டுகளில் பல, மிகத் திறமையான கலைஞர்கள் முழு மனத்தோடு செய்தவை. அதனால்தான் அவை பெற்றோருக்கும் அலுப்பதில்லை.

பாட்டு பிள்ளைகள் காதுக்கு எப்படி வந்து சேர்கிறது?

அனிமே என்கிற ஜப்பானிய அசைபடத் தொடர்கள், யூடியூப், காரில் அப்பா போடும் பாட்டு, குடும்பத்தோடு போய் இசைக்குக் கூடவே பாடும் கரவோக்கே. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாதது மதியச் சாப்பாட்டு நேரம்.

பள்ளியிலேயே எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. 'க்யூஷொக்கு' என்று பெயர். பிள்ளைகளே வெள்ளை மேலங்கி, தொப்பி போட்டுப் பரிமாறுவார்கள். சாப்பிடும்போது வகுப்பறை ஒலிபெருக்கியில் ஒலிபரப்பு நடக்கும். அதை நடத்துவதும் பிள்ளைகள்தான். ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களில் சிலர் 'ஒலிபரப்புக் குழு'வில் இருப்பார்கள். இன்றைய சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று வாசிப்பார்கள், பிறகு பாட்டு போடுவார்கள். பல பள்ளிகளில் விருப்பப் பாட்டை எழுதிப் போடப் பெட்டி வைப்பதுண்டு. அப்படித்தான் ஆறாம் வகுப்பு அக்கா கேட்கும் பாட்டு ஒன்றாம் வகுப்புத் தம்பியின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருகிறது. எங்கள் மகளுக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதி சோற்றோடு சேர்ந்து உள்ளே போனவை.

அப்புறம் விளையாட்டு விழா. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறேன்.

'பாப்ரிகா' பாட்டை ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

சமீப காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகளின் பாட்டு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நானும் அதைத்தான் சொல்வேன்.

2020 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி என்.எச்.கே. ஓர் உற்சாகப் பாட்டுத் திட்டம் தொடங்கியது. பாட்டு எழுதி இசையமைக்கும் பொறுப்பு யொனெசு கென்ஷியிடம் போனது. அப்போது, 2018இல்தான் அவருடைய 'லெமன்' நாடு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது, மரணத்தையும் பிரிவையும் பற்றிய பாட்டு. அப்படிப்பட்டவரிடம் பிள்ளைகளுக்கான பாட்டைக் கேட்டார்கள். பாடி ஆட ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து 'ஃபூரின்' என்று குழு அமைத்தார்கள். 2018 ஆகஸ்டில் பாட்டு வெளிவந்தது.

ஒலிம்பிக் பாட்டு என்றால் வெற்றி, கனவு, கொடி என்றெல்லாம் இருக்கும் என்று நினைப்போம். இதில் ஒன்றுமில்லை. மலை, காடு, அந்தி, நிலா, ஓடி விளையாடும் பிள்ளைகள், விதை, பூ. மெட்டு துள்ளுகிறது, ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு ஏக்கம் இருக்கிறது. விடுமுறையில் தாத்தா ஊருக்குப் போய்த் திரும்பி வரும் மாலை மாதிரி. பிள்ளைகளுக்கு அந்தத் துள்ளல் போதும், பெரியவர்கள் அந்த ஏக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு யொனெசு தன் குரலிலேயே இதைப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே மெட்டு எப்படி வேறு வயதுக்கு மாறுகிறது என்று தெரியும்.

நடன அமைப்பு சுகவாரா கோஹாரு, சுஜிமோட்டோ டொமோஹிக்கோ இருவருடையது. கையை விரிப்பது, குதிப்பது, சுற்றுவது என்று உடம்பு இயல்பாகச் செய்யும் அசைவுகள். அதனால் பாலர் பள்ளிக் குழந்தையும் ஆடலாம், ஆறாம் வகுப்புப் பையன் வெட்கப்படாமலும் ஆடலாம். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து இசைக்கும் 'ஃபூரின் இசைக்குழு' வடிவமும் வந்தது, அதைத் தவறவிடாதீர்கள்.

2019 டிசம்பரில் ஜப்பான் ரெக்கார்டு விருதின் முதன்மைப் பரிசு ஃபூரினுக்குப் போனது. அந்த விருது 1959 முதல் தரப்படுகிறது, அவ்வளவு சின்ன வயதில் அதை வாங்கியவர்கள் அதற்கு முன் இல்லை. குழு 2021இல் விடைபெற்றது. பாட்டு மட்டும் பள்ளிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அனிமே பாட்டுகளில் எது பெரிய அலை?

'கிமெட்சு நோ யாய்பா' (ஆங்கிலத்தில் 'டீமன் ஸ்லேயர்'). 2019 ஏப்ரலில் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். அதன் தொடக்கப் பாட்டு லிசா பாடிய 'குரெங்கே'. 2020 அக்டோபரில் திரைப்படம் வந்தது, கூடவே லிசாவின் 'ஹொமுரா'. அந்தப் படம் ஜப்பானின் வசூல் வரலாற்றில் முதலிடத்துக்குப் போனது, 'ஹொமுரா' அந்த ஆண்டின் ரெக்கார்டு விருதை வாங்கியது.

படம் ரத்தமும் சண்டையுமாக இருக்கும். 12 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய வகை. ஆனாலும் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் திரையரங்குக்குப் போனார்கள், 'ஹொமுரா' கேட்டு அழுதார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தொடக்கப் பள்ளியில் ஆறு ஆண்டுகளில் 1,026 காஞ்சி (சீனத்திலிருந்து வந்த) எழுத்துகள் கற்பிக்கிறார்கள். அந்தத் தொடரின் பெயரில் வரும் மூன்று காஞ்சிகளும் அந்தப் பட்டியலிலேயே இல்லை, நடுநிலைப் பள்ளியில் வருபவை. ஆனால் பாட்டும் கதையும் பிடித்துப்போன ஏழு வயதுப் பிள்ளைகள் அவற்றைக் கோடு பிசகாமல் எழுதிக் காட்டினார்கள். பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் ஒரு தடையே இல்லை.

அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் 'மாஷ்ல்' தொடரின் இரண்டாம் பருவத்துக்காகக் கிரீப்பி நட்ஸ் செய்த 'பிளிங் பேங் பேங் போர்ன்' வந்தது. ராப் பாடும் ஆர்-ஷிட்டேய், டிஜே மட்சுனாகா என்று இருவர் மட்டுமே உள்ள குழு. அவ்வளவு வேகமான ராப்பை எட்டு வயதுப் பிள்ளை நாக்குப் பிசகாமல் சொல்வதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

யோஅசோபி பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் பாட்டு எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

அயாசே என்ற இசையமைப்பாளரும் இக்குரா என்ற பாடகியும் சேர்ந்தது யோஅசோபி. கதையைப் பாட்டாக்குவது இவர்களின் வழி. முதலில் ஒரு சிறுகதை இருக்கும், அதிலிருந்து பாட்டு பிறக்கும். பிள்ளைகளுக்கு இவர்கள் மேல் அவ்வளவு பிரியம். தெளிவான குரல், ஓடுகிற பியானோ, ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் மெட்டு.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: எல்லாம் அல்ல. 2019 டிசம்பரில் வந்த முதல் பாட்டு 'யோரு நி காகெரு'. பளிச்சென்ற மெட்டு, ஆனால் அதன் மூலக்கதை தற்கொலையைப் பற்றியது. பிள்ளைகள் அது தெரியாமலே பாடுகிறார்கள். நான் தடுக்கவில்லை. பெரிய வகுப்புக்குப் போய் அவளே கேட்டால் உட்கார வைத்துப் பேசுவேன். 2023 ஏப்ரலில் வந்த 'ஐடல்' பாட்டும் அப்படித்தான். மேலே மினுமினுப்பு, அடியில் பொய்யும் தனிமையும். அது அமெரிக்கா நீங்கலான உலக பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானியப் பாட்டு. பள்ளி மைதானத்தில் அதன் ராப் பகுதியைப் போட்டி போட்டுச் சொல்வார்கள். பாட்டு பரவாயில்லை. ஆனால் அது இடம்பெறும் 'ஒஷி நோ கோ' அனிமே சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. பாட்டு பிடித்திருக்கிறதே என்று தொடரைப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடியது எது? 2021இல் வந்த 'சுபாமே'. தகைவிலான் குருவி என்று பொருள். என்.எச்.கே.யின் சூழல், சமத்துவம் பற்றிய சிறுவர் நிகழ்ச்சிக்காகச் செய்தது. 'மிடோரீஸ்' என்ற சிறுவர் குழு கூடவே பாடி ஆடுகிறது. வேறுபட்டவர்கள் ஒரே வானத்துக்குக் கீழே வாழ்வதைக் குருவியின் கண் வழியாகச் சொல்கிறது.

என் மனத்துக்கு நெருக்கமானது வேறொன்று. அதே 2021இல் வந்த 'லவ் லெட்டர்'. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்குழந்தை இசைக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தாள், மனிதருக்கு எழுதுவது மாதிரி. அந்தக் கடிதத்தைத்தான் அயாசே பாட்டாக்கினார். சிறுமி எழுதியதாயிற்றே என்று எளிமைப்படுத்தவில்லை. பெரிய இசைக்குழு முழங்க, கல்யாண ஊர்வலம் மாதிரி அந்தப் பாட்டு நடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அடோவின் 'உஸ்ஸேவா' என்ற பாட்டை என் பிள்ளை கத்திக்கொண்டே இருக்கிறாள். அது திட்டுகிற வார்த்தை என்கிறார்களே?

ஆமாம், மரியாதையான வார்த்தை இல்லை. 'உன் நச்சரிப்பு தாங்கலை, நிறுத்து' என்ற மாதிரி. 2020 அக்டோபரில் வந்தபோது ஜப்பானியப் பெற்றோர்களே கவலைப்பட்டார்கள். சாப்பிடு என்றால் 'உஸ்ஸேவா', பாடம் படி என்றால் 'உஸ்ஸேவா'. தொலைக்காட்சியில் இதைப் பற்றி விவாதமே நடந்தது.

பாட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நல்ல பிள்ளையாக வளர்ந்து வேலைக்குப் போன ஒரு இளம்பெண், விருந்தில் பெரியவர்களின் கிண்ணம் காலியானால் உடனே ஊற்ற வேண்டும், குச்சியிலிருந்து கறியை எல்லாருக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்கிற எழுதாத சட்டங்களைக் கண்டு பொங்குகிறாள். எழுதியவர் ஷூடோ. பாடிய அடோவுக்கு அப்போது 17 வயது, பாட்டு வெளியான மறுநாள் 18. வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்துகொண்டிருந்த பெண் அவர். முகத்தைக் காட்டுவதில்லை. 'அடோ' என்ற பெயரையே 'கியோகென்' நகைச்சுவை நாடகத்தில் துணைப் பாத்திரத்துக்கான சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டார், அடுத்தவர் வாழ்க்கையில் துணைநிற்கிறவராக இருக்க வேண்டும் என்று.

நான் செய்தது இதுதான். வீட்டுக்குள் பாடலாம், ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று பிரித்துச் சொன்னேன். புரிந்துகொண்டாள். ஏழெட்டு வயதுக்கு அந்தப் பிரிவினை நன்றாகவே புரியும். அடக்கி வைத்த கோபத்தைப் பாடித் தீர்க்கலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது எனக்குத் தவறாகப் படவில்லை. ரொம்பத் தயக்கமாக இருந்தால் அடோவின் 'ஷின்ஜிதாய்' போட்டுக் கொடுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த 'ஒன் பீஸ்' திரைப்படத்தில் ஊத்தா என்ற பாத்திரத்துக்காகப் பாடியது. நக்கட்டா யசுதாக்காவின் இசை. அந்த ஆண்டுக் கடைசி நாளில் 'கோஹகு' பாட்டு நிகழ்ச்சியில் அந்தக் கார்ட்டூன் பாத்திரமே 'ஊத்தா' என்ற பெயரில் மேடை ஏறியது.

விளையாட்டு விழாவில் ஆடும் பாட்டுகள் எவை?

'உன்டோகாய்' என்கிற விளையாட்டு விழா ஜப்பானியப் பள்ளி ஆண்டின் பெரிய நாள். முன்பெல்லாம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும், இப்போது பல பள்ளிகள் மே, ஜூனிலேயே வைத்துவிடுகின்றன. ஓட்டம், கயிறு இழுத்தல், உயரக் கூடையில் பந்து போடுதல், இவற்றோடு ஒவ்வொரு வகுப்பும் ஒரு நடனம். வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும். அந்த வாரங்களில் வீட்டில் வேறு பாட்டு கேட்க முடியாது, அதற்குத் தயாராக இருங்கள்.

பாட்டைப் பெரும்பாலும் வகுப்பு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டில் நாடே ஆடும் பாட்டுதான் அதிகம் வரும். ஹொஷினோ கென்னின் 'கோய்' 2016இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் பாட்டாக வந்தது, மிக்கிக்கோ அமைத்த அந்த நடனத்தை அமைச்சர் முதல் அங்கன்வாடி வரை ஆடினார்கள் என்றே சொல்லலாம். 2018இல் டா பம்ப் குழுவின் 'யூ.எஸ்.ஏ.'. அதன் மூலம் 1992இல் ஜோ யெல்லோ பாடிய யூரோபீட் (வேகமான ஐரோப்பிய நடன இசை) பாட்டு. கட்டைவிரலை உயர்த்திக் குதிக்கும் அந்த அசைவைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கவே முடியவில்லை. 2024இல் கோச்சி நோ கென்டோவின் 'ஹாய் யொரொகொண்டே' வந்தது, அந்த ஆண்டின் சிறந்த புதுக் கலைஞர் விருதையும் அவர் வாங்கினார்.

இந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 'சரி, சந்தோஷமாகச் செய்கிறேன்' என்பது தலைப்பு. கேட்டதற்கெல்லாம் 'சரி' சொல்லிச் சொல்லி விளிம்புக்குப் போய்விட்ட ஒருவனின் பாட்டு. உள்ளே 'டொன் டொன் டொன் ட்சூ ட்சூ ட்சூ டொன் டொன் டொன்' என்று ஓர் இடம் வரும். அது மோர்ஸ் குறியீட்டில் உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். பிள்ளைகளுக்கு அது நல்ல தாளம், காலைத் தட்டி ஆடுகிறார்கள். மைதானத்துக்கு வெளியே நிற்கும் அப்பாக்களில் சிலருக்கு அது வேறு மாதிரி கேட்கும் என்று நினைக்கிறேன்.

புதுப் பாட்டு மட்டுமல்ல. மேல் வகுப்புப் பிள்ளைகள் 'சோரன் புஷி' ஆடுவது பல பள்ளிகளில் வழக்கம். ஹொக்கைடோ கடற்கரையில் ஹெர்ரிங் மீன் பிடித்தவர்களின் தொழிற்பாட்டு அது. வக்கனாய் ஊரின் ஒரு நடுநிலைப் பள்ளி அதை ராக் தாளத்தில் ஆடிப் பேர் வாங்கிய பிறகு நாடெங்கும் பரவியது. முழங்காலை மடக்கி வலை இழுக்கும் அசைவு. ஒரே விழாவில் அதுவும் ராப்பும் அடுத்தடுத்து வரும்.

ஹாட்சுனே மிக்கு நிஜ ஆளா?

இல்லை. சப்போரோவில் உள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட குரல் மென்பொருள். நீலப்பச்சை நிறத்தில் இரட்டைச் சடை போட்ட பெண் அதன் உருவம். மெட்டும் சொல்லும் கொடுத்தால் அவள் பாடுவாள். யார் வேண்டுமானாலும் பாட்டு செய்யலாம் என்ற கதவு திறந்தது. யொனெசு கென்ஷி, அயாசே, ஷூடோ மூவருமே இந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான். ஆகவே மேலே சொன்ன பாட்டுகளுக்கும் மிக்குவுக்கும் ஒரே வேர்.

பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டுகளின் வேகம் பிடிக்கும். 2011இல் வந்த 'செம்போன்சக்குரா' இன்றும் கரவோக்கேயில் பாடப்படுகிறது. 2015 'கோஹகு'வில் என்கா (பழைய பாணி ஜப்பானிய மெல்லிசை) பாடகி கொபயாஷி சச்சிக்கோ அதைப் பாடினார், பாட்டியும் பேத்தியும் ஒரே பாட்டுக்குக் கைதட்டினார்கள். தொடக்கப் பள்ளி வயதுக்கு இன்னும் பொருத்தமானது 2023இல் யுக்கோப்பி வெளியிட்ட 'கியோஃபு ஆல் பேக்'. வெளியே போனேன், பயங்கரக் காற்று, முடியெல்லாம் பின்னால் வாரினாற்போல் ஆகிவிட்டது, நடக்கவே முடியவில்லை. அவ்வளவுதான் பாட்டு! அதைப் பாடும் மென்பொருள் குரலின் பெயர் காய் யுக்கி, 2009இல் வந்தது. ஒரு தொடக்கப் பள்ளிச் சிறுமியின் உண்மையான குரலைப் பதிவு செய்து உருவாக்கியது. தங்கள் வயதுக் குரல் என்பதால்தான் பிள்ளைகளுக்கு அது இவ்வளவு சீக்கிரம் ஒட்டியதோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

மிஸஸ் கிரீன் ஆப்பிள் ஒரு பெண்ணின் பெயரா?

மூன்று ஆண்கள் உள்ள ராக் குழு. 2015இல் பெரிய நிறுவனத்தில் அறிமுகம், 2020 முதல் 2022 வரை இடைவெளி எடுத்துத் திரும்பினார்கள். ரெக்கார்டு விருதை 2023இல் 'கே செரா செரா'வுக்கும் 2024இல் 'லைலாக்'குக்கும் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு முதலில் 'டான்ஸ் ஹால்' போடுங்கள்.

இசை வகுப்பிலும் இதே பாட்டுகளா?

இல்லை, அங்கே வேறு மரபு. ஒவ்வொரு வகுப்புக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான நான்கு பாட்டு, ஆறு ஆண்டுக்கு 24. ஆறாம் வகுப்பில் வரும் 'ஃபுருசாத்தோ' 1914இல் வந்தது: முயல் துரத்திய மலை, மீன் பிடித்த ஆறு, பிறந்த ஊர். ஊரை விட்டு வந்த நமக்கும் அது தொண்டையை அடைக்கும். ஒன்றாம் வகுப்பில் ஊதிக்கொண்டே கட்டை அழுத்தும் சின்ன மெலோடிகா, மூன்றாம் வகுப்பில் ரெக்கார்டர் குழல். குழல் கைக்கு வந்த மறுநாளே பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அனிமே பாட்டை ஊதிப் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதே சத்தம்தான்.

மார்ச் மாதப் பிரிவு விழாவுக்கு 'தபிதாச்சி நோ ஹி நி' பாடும் பள்ளிகள் நிறைய. 1991இல் சைத்தாமா மாவட்டம் சிச்சிபுவில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுத, இசை ஆசிரியை மெட்டமைத்த பாட்டு. தங்கள் பிள்ளைகளை வழியனுப்ப இரண்டு ஆசிரியர்கள் செய்தது, இன்று நாடு முழுவதற்கும் உரியது.

இது எல்லாம் யூடியூப் வந்த பிறகு வந்த மோகமா?

இல்லவே இல்லை. ஜப்பானில் மிக அதிகமாக விற்ற ஒற்றைப் பாட்டுத்தட்டே ஒரு சிறுவர் நிகழ்ச்சிப் பாட்டுதான். 1975 டிசம்பரில் வந்த 'ஓயோகே! தாய்யாகி-குன்'. மீன் வடிவ இனிப்புப் பலகாரம் ஒன்று, தினமும் இரும்புத் தட்டில் சுடப்படுவது வெறுத்துப்போய்க் கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடலில் குதிக்கிறது. 45 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் அலுவலகம் போகும் அப்பாக்களும் ஏராளம், காரணம் சொல்லத் தேவையில்லை. 1999இல் 'டாங்கோ சன் க்யோடாய்', ஒரே குச்சியில் குத்திய மூன்று கொழுக்கட்டை அண்ணன் தம்பிகள், டாங்கோ நடன மெட்டில். 2011இல் 'மாரு மாரு மோரி மோரி', பாடிய அஷிதா மனா, சுசுக்கி ஃபுக்கு இருவரும் அந்த ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். மார்ச் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2014இல் 'யோகாய் தாய்சோ', எது தப்பாகப் போனாலும் பூதத்தின் மேல் பழி போடும் உடற்பயிற்சிப் பாட்டு.

ஜப்பானிய மொழி தெரியாத தமிழ்ப் பிள்ளையால் இவற்றைப் பாட முடியுமா?

தாராளமாக. தமிழ் நாக்குக்கு இது எளிது. ஜப்பானிய ஒலிகள் பெரும்பாலும் உயிரில் முடியும். நாம் பேச்சில் 'பஸ்ஸு' என்போம், அவர்கள் 'பசு' என்பார்கள், பேருந்தைத்தான்! குறில், நெடில் வேறுபாடு அவர்களுக்கும் உயிர்நாடி. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுவதும் உண்டு. பாட்டில் நெடிலுக்கு இரண்டு தட்டு, 'ன்'னுக்கு ஒரு தட்டு, ஒற்றுக்கு ஒரு தட்டு. மாத்திரை படித்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுதான்: நமக்கு அரை மாத்திரையான ஒற்று இங்கே முழுத் தட்டு.

அப்புறம் இரட்டைக்கிளவி. நமக்குப் 'பளபள', அவர்களுக்கு 'பிக்காபிக்கா'. நட்சத்திரம் நமக்கு 'மினுமினு', அவர்களுக்கு 'கிராகிரா'. நெஞ்சு நமக்குப் 'படபட', அவர்களுக்கு 'டொக்கிடொக்கி'. பிள்ளைகள் பாட்டு முழுக்க இவை கொட்டிக் கிடக்கும். நான் மகளிடம் ஜப்பானியச் சொல்லைச் சொல்லித் தமிழ் ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். காரில் போகும்போது நல்ல விளையாட்டு.

பள்ளியில் ஆடியதை விடியோ எடுத்து இணையத்தில் போடலாமா?

பள்ளியில் கட்டணம் வாங்காமல், லாப நோக்கமில்லாமல் பாட்டு போடவும் பாடவும் ஜப்பானியக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் சாப்பாட்டு நேர ஒலிபரப்பு நடக்கிறது. விடியோவை இணையத்தில் ஏற்றுவது அந்தக் கணக்கில் வராது. அதைவிட முக்கியம், மற்றப் பிள்ளைகளின் முகம். இங்கே அதை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் என் பிள்ளை இங்கே பள்ளியில் சேரப் போகிறாள். எந்தப் பாட்டில் தொடங்குவது?

'பாப்ரிகா'. ஆட்டத்தோடு. எங்கள் மகள் சேர்ந்தபோது அவளுக்கு 'நன்றி', 'கழிப்பறை' என்று பத்துச் சொல் தெரியும், 'பாப்ரிகா' ஆட்டம் தெரியும். மூன்றாம் நாள் இடைவேளையில் சில பெண்கள் ஆடிக்கொண்டிருக்க, இவள் தூரத்தில் நின்று கூடவே ஆடியிருக்கிறாள். ஒருத்தி வந்து இவள் கையைப் பிடித்து, அப்படியில்லை, இப்படி என்று உயர்த்திவிட்டுத் திருத்தினாளாம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் என்னை நிற்க வைத்து, என் கையை அதே மாதிரி உயர்த்திவிட்டாள்.